நுரையும் அளவும்



வீட்டு வாசலில் பால் அளக்கும் காட்சியை அவையிலுள்ள பலரும் கண்டிருப்பர். பால்காரர் சொம்பை உயர்த்திப் பிடித்து ஆழாக்கில் ஊற்றுகிறார். பால் நுரைத்தெழுந்து ஆழாக்கின் விளிம்பைத் தொடுகிறது. "நுரை அடங்கட்டும், அப்புறம் ஊற்றுப்பா" என்கிறார் வீட்டு அம்மையார். அரை மணி நேரம் கழித்து அதே பால் காப்பியோடு கலந்து, டவராவுக்கும் தம்ளருக்குமாக ஆற்றப்பட்டுக் கூடத்துக்கு வருகிறது. மேலே நுரை இல்லையென்றால், "இது காப்பியா?" என்ற கேள்வி எழுகிறது. வாசலில் வஞ்சனையாகத் தோன்றிய நுரை, கூடத்தில் சுவையின் அடையாளமாகி விடுகிறது. வீடும் ஒன்று, பாலும் ஒன்று. அளக்கும் கண்ணுக்கும் அருந்தும் நாவுக்கும் இடையில்தான் நுரை நிறம் மாறுகிறது.

இந்த இரட்டை மனத்தை மிகப் பெரிய அளவில் காட்டும் பொருள் ஒன்று மேனாடுகளில் உண்டு. அது பீர்க் கோப்பையின் மேல் நிற்கும் நுரை. எத்தனை விரல் உயரம் நுரை நிற்க வேண்டும், அது பாலாடை போல் நெருங்கியிருக்க வேண்டுமா, சோப்புக் குமிழி போல் நெகிழ்ந்திருக்க வேண்டுமா, அது விலைக்குள் அடங்குமா அடங்காதா என்பன பற்றியெல்லாம் அங்கே ஊருக்கு ஊர் வழக்கு உண்டு, சட்டம் உண்டு, சங்கம் உண்டு. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த திருக்குறளின் மொழியில் இதைப் பேசலாமா என்று ஐயுற வேண்டியதில்லை. இல்லத்திலேயே நெல்லால் ஆக்கிய 'தோப்பி' என்னும் கள்வகையைப் பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. குடியைப் போற்றுவதும் தூற்றுவதும் இவ்வுரையின் நோக்கமன்று. குடிப்பொருளின் மேலே மிதக்கும் வெறுங்காற்றைப் பற்றி மனிதர் ஏன் இத்தனை மாறுபாடான உறுதிகள் கொண்டிருக்கின்றனர் என்பதே கேள்வி.

தமிழ்க் கவிஞர்க்கு நுரை புதியதன்று. குறுந்தொகைப் புலவருள் ஒருவர் தாம் ஆண்ட நுரை உவமையாலேயே 'கல்பொரு சிறுநுரையார்' எனப் பெயர் பெற்றார். இயற்பெயர் மறைந்து போயிற்று. நுரை நிலைத்து நின்றது. அவர் கண்ட நுரை இல்லாமற் போவதன் உருவம். பீர் அருந்தும் நாடுகளிலோ நுரை நிற்க வேண்டும் என்பதற்காகவே உழைப்பும் அறிவும் செலவிடப்பட்டன.

முதலில் பெயர்களை நோக்கலாம். ஆங்கிலேயர் இந்நுரையைத் 'தலை' என்கின்றனர். செருமானியர்க்கு அது 'புளூமே', அதாவது மலர். நுரைமுடி என்றும் வழங்குவர். செக் நாட்டார் அதைத் தொப்பி என்பர். ஒல்லாந்தர் மொழியில் அது நுரையாலான கழுத்துப்பட்டை. பிரெஞ்சுக்காரரும் கழுத்துப்பட்டை என்றே சொல்கின்றனர். ஆனால் முன்னே ஓர் அடைமொழியைச் சேர்த்து விட்டனர். 'போ கோல்' என்பது அவர்கள் சொல். சட்டையோடு தைக்கப்படாமல் தனியே மாட்டிக் கழற்றும் பொய்க் கழுத்துப்பட்டைக்கு அங்கே வழங்கிய பெயர் அது. நுரையில்லாமல் கேட்க விரும்புகிறவர், 'பொய்ப்பட்டை இல்லாமல் ஒன்று' என்று கேட்பார். மலர் என்பவன் அதற்காகக் காத்திருப்பான். பொய் என்பவன் அதை நீக்கச் சொல்வான். கோப்பை கைக்கு வருவதற்கு முன்பே சொல் தீர்ப்பை எழுதி விடுகிறது. சொல்லோடு வாழ்கிறவர்கள் இதைக் கண்டு வியக்கமாட்டார்கள்.

நுரை எங்கிருந்து வருகிறது? கோலி சோடாவைத் திறந்தாலும் குமிழிகள் சீறி எழுகின்றன. ஆனால் சில நொடிகளில் அவை மறைந்து விடுகின்றன. நுரை என்று சொல்லத்தக்கது நிற்பதில்லை. சோடாவிலும் பீரிலும் இருப்பது ஒரே கரியமில வாயுதான். வேறுபாடு நீரில் உள்ளது. பீர், முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையிலிருந்து வருவது. அந்தத் தானியத்தின் புரதங்கள் சில, கொதியையும் நொதிப்பையும் தாங்கிக் கடைசிவரை நிற்கின்றன. வாயு மேலெழும்போது இப்புரதங்கள் ஒவ்வொரு குமிழியையும் தோல்போலச் சூழ்ந்து கொள்கின்றன. ஹாப் எனும் கொடியின் பூக்கள் தரும் கசப்புப் பொருள்கள் அப்புரதங்களைப் பிணைத்துத் தோலை உறுதியாக்குகின்றன. ஆகவே கசப்பு மிகுந்த பீரில் நுரை கெட்டியாக நின்று, ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு வளையமாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. இவ்வொட்டலைப் 'பிரஸ்ஸல்ஸ் சரிகை' என்று அழகாகச் சொல்வர். எண்ணெய்ப் பசை இதற்குப் பகை. சரியாகக் கழுவாத கோப்பையும், உதட்டுச் சாயமும், வறுத்த தின்பண்டத்தின் நெய்யும் நுரையைக் கொல்லும். எனவே நல்ல நுரை கோப்பையின் தூய்மைக்கும் சான்று.

அதன் அழிவுக்கும் ஒழுங்கு உண்டு. மியூனிக் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் ஆர்ன்ட் லைக்கே மூவகைப் பீரின் நுரையை நேரம் குறித்து அளந்தார். கதிரியக்கப் பொருள் தேய்வதற்குச் சொல்லப்படும் அதே கணக்குமுறைப்படி நுரையும் தேய்கிறது என்றும், ஒவ்வொரு பீருக்கும் தேயும் வேகம் வேறு என்றும் காட்டினார். சிரிக்கவைத்துப் பின் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கென அளிக்கப்படும் இக் நோபல் பரிசு 2002ஆம் ஆண்டு இதற்குக் கிடைத்தது.

இனி ஊர்களுக்கு வரலாம்.

செக் நாட்டின் பில்சன் நகரில் 1842ஆம் ஆண்டு யோசப் குரோல் என்னும் பவேரியர், பொன்னிறமும் தெளிவும் கொண்ட ஒரு பீரை வடித்தார். உலகெங்கும் இன்று பரவியுள்ள வெளிர்நிறப் பீருக்கு அதுவே முன்னோடி. அந்நாட்டில் பீரை வடிப்பவர்க்கு இணையான பெருமை அதை ஊற்றித் தருபவர்க்கும் உண்டு. வடிப்பவன் காய்ச்சுகிறான், ஊற்றுபவனே அதைப் பீராக்குகிறான் என்ற கருத்தில் அங்கே பழமொழியே இருக்கிறது. அவர்கள் பயன்படுத்தும் குழாயின் கைப்பிடி பக்கவாட்டில் திரும்பும். வாயில் நுண்ணிய வலை இருக்கும். கொஞ்சம் திறந்தால் ஈரமான, இனிப்புச் சாயலுள்ள நுரை வரும். முழுதும் திறந்தால் பீர் வரும். ஊற்றுபவர் முதலில் நுரையைக் கோப்பையில் இட்டு, குழாயின் மூக்கை அதற்குள் அமிழ்த்தி, நுரைக்கு அடியில் பீரை நிரப்புகிறார். போர்வைக்குள் குழந்தையை வைப்பது போன்ற செயல் அது. காற்றுப் பட்டால் பீரின் மணம் கெடும். நுரைப் போர்வை அதைத் தடுக்கிறது என்பது அவர்கள் கொள்கை.

ஒரே குழாயிலிருந்து அவர்கள் வெவ்வேறு அளவு நுரையுடன் பலவகையாக ஊற்றுகின்றனர். ஏறத்தாழ மூன்று விரல் நுரையுள்ளது 'ஹ்லாடிங்கா', அதுவே வழக்கமானது. பீர் குறைந்து நுரை மிகுந்தது 'ஷ்னித்'. கோப்பை முழுதும் ஏறக்குறைய நுரையாகவே இருப்பது 'ம்லீகோ'. அச்சொல்லுக்குப் பால் என்பது பொருள். வெண்மையால் வந்த பெயர் அது. நுரை உடைந்து பீராகப் பிரிவதற்கு முன் அதைச் சில மிடறுகளில் பருகிவிட வேண்டும். பிற நாட்டவர் கண்டால் ஏமாற்று என்று கூவக்கூடிய கோப்பையை, செக் நாட்டவர் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகின்றனர். கேட்டு வாங்கும் நுரையில் வஞ்சனை இல்லை.

இங்கிலாந்தில் வழக்கு வேறு. அங்கே நிலவறைப் பீப்பாய்க்குள்ளேயே முதிரும் மரபுவழி ஏல் பீரைக் கைப்பம்பால் இழுத்து ஊற்றுவர். அதில் வாயு குறைவு. இயல்பாக எழும் நுரையும் மெல்லியது. யார்க்ஷயர் முதலிய வடபகுதிகளில் பம்பின் மூக்கில் சிறு துளைகளுள்ள ஒரு மூடியைத் திருகி விடுவர். அதன் பெயர் ஸ்பார்க்ளர். பீர் அத்துளைகளின் வழியே நெருக்குண்டு வெளிவரும்போது, பாலேடு போல் நெருங்கிய வெண்ணுரை எழுகிறது. வடபுலத்தார்க்கு அதுவே பீர். நுரையில்லாத கோப்பை அவர் கண்ணுக்கு ஆறிப்போன குளம். லண்டன் முதலிய தென்பகுதிகளில் அந்த மூடியை விரும்புவோர் குறைவு. விளிம்புவரை பீர், மேலே ஒரு படலம் நுரை, அவ்வளவே போதும். மூடி பீரிலுள்ள வாயுவை வெளியேற்றிச் சுவையை மழுக்குகிறது என்பர் தெற்கத்தியர். அதுவே வாயை மென்மையாக்கிச் சுவையை உருட்டித் தருகிறது என்பர் வடக்கத்தியர். இருவரும் சொல்வது ஒரே நிகழ்ச்சியை. ஒருவர்க்கு இழப்பு, மற்றவர்க்குப் பேறு.

இந்தச் சுவைப் பூசலுக்குள் ஒரு கணக்குப் பூசலும் ஒளிந்திருக்கிறது. ஒரு பைண்ட் என்பது 568 மில்லிலிட்டர். விளிம்பளவே ஒரு பைண்ட் கொள்ளும் கோப்பையில் இரண்டு விரல் நுரை நின்றால் பீர் குறைகிறது, விலை குறைவதில்லை. 1971ஆம் ஆண்டு தோன்றிய காம்ரா என்னும் பீர் அருந்துவோர் இயக்கம் முழு அளவுக்காகப் பல்லாண்டு வாதாடியது. 1985ஆம் ஆண்டின் எடைகள் அளவைகள் சட்டத்தில், பீரை அளக்கும்போது நுரையிலுள்ள வாயுவைக் கணக்கில் சேர்க்கலாகாது என்ற பிரிவு எழுதவும்பட்டது. ஆனால் அந்தப் பிரிவு நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை. நுரை தணிந்தபின் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கேனும் பீர் இருக்க வேண்டும், கேட்டால் நிரப்பித் தரவேண்டும் என்பது தொழில்துறையின் வழிகாட்டுதலாக நின்றது. குறையும் ஐந்து பங்கு ஏறத்தாழ 28 மில்லிலிட்டர். ஒரு கோப்பைக்கு அது சிறிது; ஓராண்டின் கோப்பைகளைக் கூட்டினால் சிறிதன்று.

இதற்கு எளிய விடை ஒன்று உண்டு. கோப்பையைச் சற்றுப் பெரிதாகச் செய்து, பைண்ட் அளவில் ஒரு கோடு இட்டுவிட வேண்டும். பீர் கோடுவரை, நுரை கோட்டுக்கு மேலே. காம்ரா நடத்தும் பீர் விழாக்களில் இத்தகைய கோப்பைகளைக் காணலாம். செருமனியில் நிரப்புக்கோடு சட்டப்படி கட்டாயம். கோடு வந்ததும் வடக்கும் தெற்கும் சண்டையிட வேண்டிய தேவை பாதி குறைகிறது. நுரையை விரும்புவோர்க்கு நுரை. அளவை விரும்புவோர்க்கு அளவு.

பாதிதான் குறைகிறது என்பதற்கு மியூனிக் சான்று. அங்கே அக்டோபர் விழாவில் 'மாஸ்' எனும் ஒரு லிட்டர்க் குவளையில் பீர் தருவர். கூட்டம் பெரிது, ஊற்றும் கைக்கு ஓய்வில்லை, நுரை தணியக் காத்திருக்க நேரமில்லை. ஆகவே குறைவாக ஊற்றுவதை எதிர்ப்பதற்கென்றே 1899ஆம் ஆண்டு அந்நகரில் ஒரு சங்கம் தோன்றியது. அதன் வழியில் 1970ஆம் ஆண்டு புதிய சங்கம் எழுந்தது. 'வஞ்சகமாக ஊற்றுவதற்கு எதிரான சங்கம்' என்பது அதன் பெயர். பழைய சாம்பல்நிற மண்குவளைக்குள் நுரை எவ்வளவு, பீர் எவ்வளவு என்று வெளியிலிருந்து தெரியாது. கண்ணாடிக் குவளை வந்தபின் அது எல்லோர்க்கும் தெரிந்தது. ஆனால் அந்நகரத்தார் நுரையின் பகைவரல்லர். கோதுமைப் பீரின் உயர்ந்த கண்ணாடிக் கோப்பையில் பூத்து நிற்கும் நுரையை மகிழ்ந்து பருகுபவர்களும் அவர்களே. வடசெருமனியிலோ, நல்ல பில்ஸ் பீர் ஊற்ற ஏழு நிமிடம் வேண்டும் என்ற நம்பிக்கையே உண்டு. அத்தனை நேரம் வைத்தால் வாயு போய்விடும் என்று தொழிலறிந்தோர் மறுப்பினும் நம்பிக்கை மறைந்தபாடில்லை. காத்திருக்கச் செய்வதையே சிறப்பாகக் கருதும் மனம் அது.

அயர்லாந்தின் கின்னஸ் பீர் இன்னொரு பாடம் தருகிறது. கரிய பீரின் மேல் வெண்ணெய் நிறத்தில் திரண்டு நிற்கும் அந்நுரையை ஐரிஷ் வாழ்வின் தொன்மை அடையாளம் என்றே பலரும் எண்ணுவர். டப்ளினில் அந்த வடிப்பாலை 1759ஆம் ஆண்டு தொடங்கியது என்பது உண்மை. ஆனால் நுரையின் இன்றைய வடிவம் இருநூறு ஆண்டு கழித்து வந்தது. மைக்கேல் ஆஷ் என்ற கணிதவியலாளர் கரியமில வாயுவோடு நைட்ரஜனைச் சேர்த்துப் பீரை அழுத்தத்தில் வைத்து ஊற்றும் முறையைக் கண்டார். அது 1959ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. நைட்ரஜன் நீரில் எளிதில் கரையாதது. சிறு குமிழியிலிருந்து பெருங்குமிழிக்கு வாயு கசிந்து செல்வதால்தான் நுரை பெரும்பாலும் பருத்து உடைகிறது. நைட்ரஜன் குமிழிகளில் அக்கசிவு மிகக் குறைவு. ஆகவே அவை சிறிதாகவே இருந்து நெடுநேரம் நிற்கின்றன. கோப்பையை முக்கால்பங்கு நிரப்பி, சற்றே வைத்திருந்து, மீண்டும் நிரப்புவது வழக்கம். இதற்கு 119.5 நொடி ஆகும் என்று நிறுவனமே விளம்பரம் செய்தது. அதே நுரையை வீட்டுக்கு அனுப்ப, டப்பாவின் அடியில் நைட்ரஜன் அடைத்த சிறு கருவியை 1988ஆம் ஆண்டு வைத்தனர். தொழில்நுட்பத்துக்கான அரசியாரின் விருது 1991ஆம் ஆண்டு அதற்கு வழங்கப்பட்டது. ஆக, பாட்டன் நாவின் நினைவு என்று பேரன் போற்றும் சுவை ஒரு கணிதவியலாளரின் கணக்கு. அதனால் அச்சுவை பொய்யாகி விடாது. மரபு என்பது இப்படியும் பிறக்கும் என்பதே செய்தி.

ஒல்லாந்தரும் பெல்ஜியத்தாரும் கோப்பையின் விளிம்புக்கு மேல் பொங்கும் பெருங்குமிழிகளைத் தட்டைக் கத்தியால் வழித்தெறிந்து, கீழுள்ள நெருக்கமான நுரையை மட்டும் நிறுத்துவர். நுரைக்குள்ளேயே பதரும் மணியும் உண்டு என்று அவர்கள் பிரித்தறிகின்றனர். ஜப்பானியர் ஏழு பங்கு பீருக்கு மூன்று பங்கு நுரை என்ற அளவைப் பொன்விகிதம் என்கின்றனர். இங்கிலாந்தின் தென்பகுதிக்காரர் ஒருவர் முன்னால் அக்கோப்பையை வைத்தால், ஊற்றி முடிக்கட்டும் என்று காத்திருப்பார்.

நாடும் ஊரும் ஒருபுறமிருக்க, ஒரே மேசையில் அமர்ந்திருப்பவர்க்குள்ளும் ஒற்றுமை இல்லை. ஒருவர் கோப்பையைச் சாய்த்துப் பக்கத்தோடு வழியவிட்டு நுரையை அடக்குவார். ஒருவர் நேராக நடுவில் ஊற்றி நுரையை எழுப்புவார். வாயு கோப்பையிலேயே வெளியேறாவிட்டால் வயிற்றில் வெளியேறும் என்பது அவர் வாதம். ஒருவர் நுரை முழுதும் தணியும்வரை கைகட்டிக் காத்திருப்பார். ஒருவர் மேலுதட்டில் வெண்மீசை ஒட்டும் முதல் மிடறுக்காகவே வந்திருப்பார். ஒவ்வொருவரும் தம் விருப்பத்துக்கு அறிவுசார்ந்த காரணம் சொல்கின்றனர். கூர்ந்து நோக்கின், காரணத்துக்கு முன்பே பழக்கம் வந்திருக்கிறது. பழக்கத்துக்கு முன்பே குழாயும் மூடியும் கோப்பையும் வந்திருக்கின்றன. வலையுள்ள குழாய் இருந்த ஊரில் அடர்நுரை சுவையாயிற்று. துளைமூடி இருந்த ஊரில் பாலேடு நுரை சுவையாயிற்று. மூடி இல்லாத ஊரில் நுரையின்மையே நேர்மையாயிற்று. தன் சுவை தன்னுடையது என்று ஒருவன் உறுதியாக நம்பும் இடத்திலும், ஊர் அவன் நாவில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறது.

இவற்றையெல்லாம் கவிஞர் அவையில் பேசுவதற்குக் காரணம் உண்டு. பத்தாண்டு நடந்த வட்டம் எதுவாயினும் அங்கே ஒரு வழக்கு ஓயாமல் நடந்திருக்கும். கவிதையில் அணியும் ஓசையும் நுரை, அதை ஊதிவிட்டுப் பொருளை அளந்து கொடுங்கள் என்பார் ஒரு சாரார். நுரையில்லாத கவிதை வாயு போன சோடா என்பார் மற்றொரு சாரார். வடக்கும் தெற்கும் போல இருவரும் ஒரே கோப்பையைப் பார்த்துத்தான் பேசுகின்றனர். தத்தம் ஊர்க்குழாய் பழக்கிய நாவோடு பேசுகிறோம் என்பதை இருவரும் மறந்து விடுகின்றனர். முதல் மிடறிலேயே பிறர் கோப்பையை ஏமாற்று என்று தள்ளுவதற்கு முன், அது எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று கேட்கும் பொறுமை வேண்டும்.

ஆனால் எல்லா நுரையும் ஒன்றே என்று சமாதானம் செய்துகொள்வதும் தகாது. பீர் வடிப்போரும் அருந்துவோரும் நெடுங்காலம் சண்டையிட்டுக் கண்டறிந்த சோதனைகள் கவிஞர்க்கும் உதவும். நுரை எதிலிருந்து எழுந்தது என்பது முதற்சோதனை. தானியத்தின் புரதத்திலிருந்து எழுந்தது நிற்கும். உயரத்திலிருந்து ஊற்றியதால் மட்டும் எழுந்தது உடனே அடங்கும். அது எதை விட்டுச் செல்கிறது என்பது இரண்டாவது. நல்ல நுரை கோப்பை காலியான பிறகும் சரிகையாகச் சுவரில் இருக்கும். கோடுவரை பீர் இருக்கிறதா என்பது மூன்றாவது, கடினமானதும் இதுவே. மண்குவளைக்குள் ஊற்றினால் யாருக்கும் தெரியாது. கண்ணாடியில் ஊற்றத் துணிகிறவனே நேர்மையான ஊற்றுநன்.

கல்பொரு சிறுநுரையாரின் நுரை மெல்லக் கரைந்து போனது. இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகியும் அவருடைய அளவு குறையவில்லை. கோடுவரை நிறைத்துவிட்டு மேலே நுரையை எழவிட்டவர் அவர். வாசலில் பால் அளக்கும் அம்மையார் நுரையை வெறுப்பவர் அல்லர். ஆழாக்குக்குள் பால் இருக்க வேண்டும் என்றுதான் அவர் கேட்டார். அது நிறைந்திருந்தால், கூடத்துக்கு வரும் தம்ளரில் நுரை எத்தனை விரல் நின்றாலும் அவர் மகிழ்வார்.